வாசிக்கும் உரிமை: மொராக்கோப் பெண்களும் நம்பிக்கையும் நிலமும்



அரபுலகப் பெண்கள் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் பர்தாவில் தொடங்கிப் பர்தாவிலேயே முடித்துவிடுகிறோம். நாமும் வெகுகாலம் அப்படித்தான் பேசிவந்தோம். மொராக்கோவைச் சற்று நெருங்கிப் படித்த பிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு மேலோட்டமானது என்று தெரிந்தது. மதத்தை வாசித்துப் பொருள் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அங்கே பெண்களின் பெரிய சண்டையாக இருந்திருக்கிறது.

பாத்திமா மெர்னிசியிலிருந்து தொடங்கலாம். 1940இல் ஃபெஸ் நகரில், வாசலில் காவல் வைத்த கூட்டுக்குடும்ப வீட்டில் பிறந்தவர். சமூகவியல் படித்து ரபாத் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஒருநாள் மளிகைக் கடையில், முஸ்லிம்களுக்கு ஒரு பெண் தலைவராக முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்கிறார். கடைக்காரர் அதிர்ந்துபோகிறார். சரக்கு வாங்க நின்றிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்த கூட்டம் உருப்படாது என்னும் பொருளில் ஒரு நபிமொழியை எடுத்துவிடுகிறார். கடையில் அதற்குமேல் பேச்சில்லை. மெர்னிசி வீட்டுக்குத் திரும்பி நபிமொழித் தொகுப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மொழியை அறிவித்தவர் அபூ பக்ரா. (முதல் கலீஃபா அபூ பக்ர் வேறு ஒருவர்.) எப்போது அது அவர் நினைவுக்கு வந்தது? நபி மறைந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து, 656இல் ஒட்டகப் போரில் நபியின் மனைவி ஆயிஷா தோற்ற பிறகு. இதே அபூ பக்ரா, உமரின் ஆட்சியில் பொய்ச்சாட்சிக்காகக் கசையடி பெற்றவர். அறிவிப்பாளரின் நடத்தையைச் சோதித்துவிட்டுத்தான் ஒரு மொழியை ஏற்க வேண்டும் என்பது மரபு வகுத்த விதி. மெர்னிசி அந்த விதியையே எடுத்துக் கையாண்டார். அவருடைய முடிவை ஏற்காத அறிஞர்கள் உண்டு. ஆனால் 1987இல் பிரெஞ்சில் வந்த அந்தப் புத்தகத்துக்கு மொராக்கோவில் தடை விழுந்தது. ஒரு பெண் மூலநூலைத் தானே புரட்டிப் பார்த்தாள் என்பதுதான் தாங்கமுடியாததாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்து 2000 மார்ச் 12. குடும்பச் சட்டமான முதவ்வனாவைத் திருத்தக் கோரி ரபாத்தில் ஒரு பேரணி. அதே நாளில், திருத்தத்தை எதிர்த்துக் காசாபிளாங்காவில் இன்னொன்று. இரண்டாவதில்தான் கூட்டம் அதிகம். அதில் பெண்களும் பெருந்திரள். அவர்களைப் பிற்போக்குக் கூட்டம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. திருத்தத் திட்டத்துக்குப் பின்னால் உலக வங்கி நின்றது. பேசிய மொழி படித்த நகரத்தாரின் மொழி. தொழுகையை விடாத ஒரு ஏழைப் பெண்ணுக்கு அதில் தன் முகம் தெரியவில்லை. பிறகு 2004இல் நிறைவேறிய சட்டம் இஜ்திஹாத் என்னும் மார்க்க ஆய்வின் மொழியிலேயே வந்தது. திருமண வயது 18. கணவனுக்குக் கீழ்ப்படியும் கடமை நீங்கியது. வயதுவந்த பெண் பாதுகாவலரின்றித் தானே மணம் முடிக்கலாம். 18க்குக் குறைந்த பெண்ணுக்கும் நீதிபதி அனுமதி தரலாம் என்று ஒரு சந்தும் விட்டார்கள். அந்தச் சந்தில் நுழைந்த திருமணங்கள் ஏராளம். சொத்துப் பங்கில் கைவைக்கவே இல்லை.

நம்மை அதிகம் பாதித்தது சுலாலியாத் பெண்களின் போராட்டம். சுலாலா என்றால் வம்சவழி. மொராக்கோவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் நிலம் இனக்குழுக்களின் கூட்டுநிலம். 1919இல் பிரெஞ்சு ஆட்சி போட்ட ஆணை அதை அரசின் மேற்பார்வையில் வைத்தது. அனுபவிக்கும் உரிமை ஆண்களுக்கே என்றது வழக்காறு. நகரங்கள் பெருத்து நிலம் விலைபோனபோது இழப்பீடு ஆண்களின் கைக்குப் போனது. விதவைகளும் மணமாகாதவர்களும் குழுவுக்கு வெளியே மணந்தவர்களும் தகரக் கொட்டகைகளுக்குப் போனார்கள்.

2007இல் கெனித்ரா பகுதியிலிருந்து எழுந்த பெண்கள் ரபாத்துக்குப் போய் நாடாளுமன்றத்தின் முன் நின்றார்கள். அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: மார்க்கம் மகனுக்குத் தருவதில் பாதியையாவது மகளுக்குத் தருகிறது, உங்கள் வழக்காறு அதைக்கூடத் தரவில்லையே! அந்தப் ‘பாதி’யை ரபாத்தின் பெண்ணியவாதிகள் அநீதி என்று எதிர்த்துவந்தார்கள். கிராமத்துப் பெண்களுக்கோ அதுதான் கையில் கிடைத்த ஆயுதம். இரு தரப்பும் சேர்ந்தே போராடினார்கள். அந்தக் கூட்டணியில் உரசல் இல்லாமலா இருந்திருக்கும்?

முதலில் உள்துறையின் சுற்றறிக்கைகள் வந்தன. 2019இல் 62-17 எண் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கூட்டுநிலத்தில் உரிமை உண்டென்றது, பிரதிநிதி அமைப்புகளிலும் பெண்கள் இடம்பெறலாம் என்றது. அதே சட்டம் அந்த நிலங்களைத் தனியார் முதலீட்டாளருக்குக் குத்தகை விடவும் வழிசெய்தது. பங்குதாரர் யார் யார் என்று பட்டியல் எழுதுபவர் குழுவின் பிரதிநிதி. பெரும்பாலும் அவர் ஆண்தான். சட்டம் வந்த பிறகும் பெண்கள் அந்தப் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.