கடவை மறைந்த ஊர்

தோக்கியோவைக் காணச் செல்வோர் வானளாவிய மாடங்களையும் அகன்ற வீதிகளையும் கண்டு மீள்வதே வழக்கம். நாம் ஒரு நாள் முழுவதையும் ஷிமோகிட்டாசாவா என்னும் சிறு வட்டாரத்திற்கென ஒதுக்கினோம். ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து விரைவுப் புகையிரதத்தில் பத்து நிமிடமும் செல்லாது. (மின்சாரத்தில் ஓடுவதைப் புகையிரதம் என எழுதப் பேனா சற்றே தயங்குகிறது, ஆயினும் எம்மவர் வழக்கு அதுவே.)

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வாகன இரைச்சல் அடங்கிவிட்டது. எங்கு நோக்கினும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் போல் வளைந்து நெளியும் பாதைகள். பிறர் உடுத்த ஆடைகளை விற்கும் கடைகள், இசைத்தட்டுக் கடைகள், நாலைந்து பேரே அமரக்கூடிய தேநீர்ச் சாலைகள். கறிச்சோற்றுக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆண்டுதோறும் கறி விழாவே எடுக்கின்றனர். நம் 'கறி' ஆங்கிலேயர் வழியாக அங்கு சென்று 'கரே' ஆயிற்று. சுவை சற்று இனிப்பு. உறைப்பை எதிர்பார்த்துச் சென்ற நாம் ஏமாந்தோம்.

இப்பாதைகள் கோணலானதற்குக் காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தின் பின் நகர மக்கள் மேற்குப் புறம் குடிபெயர்ந்தனர். 1927இல் ஒடாக்கியூ பாதையும் 1933இல் இனோகஷிரா பாதையும் இங்கே ஒன்றையொன்று குறுக்கிட்டன. வயல் வழிகளின் ஓரமாகவே வீடுகள் எழுந்தன. 1945இன் குண்டுவீச்சில் தோக்கியோவின் பெரும்பகுதி சாம்பலாகியபோது, இவ்வூர் பெரும்பாலும் தப்பிற்று. ஆதலால் பழைய கோணல் நிலைத்தது.

வாகனம் நுழையாத இடத்தில் வாடகையும் குறைவாயிருந்தது. மாணவரும் பாடகரும் நடிகரும் வந்து குடியேறினர். திரைப்பட நடிகராயிருந்த ஹொண்டா கஸுவோ என்பார் 1981இல் ஒரு பழைய குடியிருப்பு வீட்டின் மேல்மாடியில் சுஸுநாரி என்னும் சிறு அரங்கைத் திறந்தார். மறு ஆண்டு ஹொண்டா அரங்கையும் நிறுவினார். இன்று இவ்வூரை நாடக நகர் எனின் மிகையாகாது.

இத்தகைய ஊருக்கு இருந்த பெருந்தொல்லை புகையிரதக் கடவை. நெருக்கடி வேளைகளில் மணிக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் மூடிக்கிடக்கும் கடவைக்கு 'திறவாக் கடவை' என்று யப்பானியர் பெயரிட்டுள்ளனர். அத்தகைய கடவைகள் இங்கும் இருந்தன. உடன் வந்த யப்பானிய நண்பர், தம் இளமையின் ஒரு பங்கை அத்தடையின் முன் நின்றே கழித்ததாகக் கூறினார். கடவையில் நின்று பழகிய எமக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஓடும் வண்டிகளை நிறுத்தாமலே தண்டவாளத்தின் அடியில் சுரங்கம் அகழ்ந்தனர். 2013 மார்ச்சில் ஒரே இரவில், கடைசி வண்டிக்கும் மறுநாள் முதல் வண்டிக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில், பாதையைக் கீழே மாற்றிவிட்டனர். ஒன்பது கடவைகள் மறைந்தன.

ஆனால் கடவையோடு ஊரும் மறையுமோ என்ற அச்சம் முன்னரே எழுந்திருந்தது. 1946இல் வரையப்பட்டு உறங்கிக்கிடந்த அகன்ற வீதித் திட்டமொன்று மீண்டும் தலைதூக்கியது. அது நிறைவேறினால் ஒழுங்கைகளின் நடுவே மோட்டார் வண்டிகள் பாயும். வணிகரும் இசைஞரும் குடியிருப்போரும் எதிர்த்தனர். 2006இல் வழக்கும் தொடுத்தனர். அவ்வீதியின் பெரும்பகுதி இன்றும் வரைபடத்திலேயே உள்ளது. எனினும் நிலையத்தருகே போர்க்காலத்தின் பின் கள்ளச்சந்தையாய்த் தோன்றி வளர்ந்த பழைய உணவுச் சந்தை இடிக்கப்பட்டது. எமக்கு அது பெரும் இழப்பாகவே தோன்றுகிறது.

தண்டவாளம் கிடந்த 1.7 கிலோமீற்றர் நிலம் இப்போது நடைபாதையும் சிறு கடைகளுமாய் விளங்குகிறது. 2020இல் திறந்த 'போனஸ் டிராக்' பகுதியில், கீழே கடையும் மேலே வீடுமான சிறு கட்டடங்களைக் கண்டோம். அங்குள்ள 'பி அண்ட் பி' புத்தகசாலையில் நூலோடு பீரும் விற்கின்றனர். ஆசிரியத் தொழிலினரான நாம் நூலோடு நிறுத்திக்கொண்டோம்.

மாலையில் அப்பாதை வழியே நிலையத்திற்குத் திரும்பினோம். பழைய கடவை இருந்த இடத்தை நெருங்கியதும் நண்பர் நடையைத் தளர்த்தி இருபுறமும் நோக்கினார். பின் எம்மைப் பார்த்து நகைத்து, "வாருங்கள்" என்றார்.