காற்றின் திசையையும் குறித்து வைத்த ஓவியர்

கடலோர வானத்தை ஓவியமாகத் தீட்ட முற்படுகின்றவருக்கு ஒரு தொல்லை உண்டு. தூரிகையை வண்ணத்தில் தோய்த்து நிமிர்வதற்குள் அவர் கண்ட வானம் அங்கே இராது. மேகம் நகர்ந்துவிடும், அதன் நிழல் வீழ்ந்த நீர்ப்பரப்பு வேறு நிறம் கொள்ளும், சற்றுமுன் சேற்றிலே சாய்ந்து கிடந்த படகு பெருக்கு நீரில் நிமிர்ந்து நிற்கும். இத்தொல்லையோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் போராடிய ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவர் பிரான்ஸ் தேசத்தவர். பெயர் யூஜேன் பூதேன்.

1824ஆம் ஆண்டில், சேன் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலே, ஓன்ஃபிளேர் என்னும் சிறு துறைமுகத்தில் அவர் பிறந்தார். தந்தை கடலோடி. மகனும் பத்து வயதளவில் நீராவிப் படகொன்றில் ஏவற் சிறுவனாகச் சேர்ந்தான். பின்னர் குடும்பம் எதிர்க்கரையிலுள்ள லெ ஹாவ்ர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இளைஞர் பூதேன் வேறொருவருடன் கூட்டாக எழுதுபொருட் கடையொன்றை நடத்தினார். படங்களுக்குச் சட்டம் போடுவதும் அக்கடையின் தொழில். அவ்வூருக்கு வந்த ஓவியர்கள் தம் படங்களை அங்கே கொணர்ந்தனர். மியே போன்ற பெரியோரின் பழக்கம் அவ்வாறே வாய்த்தது. பிறர் படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தவர், இருபத்திரண்டாம் வயதில் வாணிகத்தைக் கைவிட்டுத் தாமே ஓவியம் தீட்டப் புறப்பட்டார். 1851இல் லெ ஹாவ்ர் நகரசபை அவருக்கு மூன்றாண்டு உதவிப்பணம் அளித்துப் பாரிஸ் நகருக்கு அனுப்பியது.

அக்காலத்து வழக்கம் யாதெனில், ஓவியர் வெளியே சென்று குறிப்புப் படங்கள் எழுதிக்கொள்வார். பின்பு ஓவியக்கூடத்துக்குத் திரும்பி, சன்னலோரம் அமர்ந்து, பெரிய கித்தானிலே வழவழப்பான முழு ஓவியமாக அதனை ஆக்குவார். பாரிஸில் நடைபெற்ற சலோன் என்னும் பெருங் கண்காட்சியின் நடுவர்கள் அத்தகைய முடிந்த படத்தையே மதித்தார்கள். குறிப்பு வேறு, ஓவியம் வேறு என்பதே அன்றைய தீர்ப்பு. நெய்வண்ணத்தை வெளியே எடுத்துச் செல்வதும் முன்னர் எளிதாக இருக்கவில்லை. பன்றியின் நீர்ப்பையிலே அடைத்துத்தான் கொண்டு செல்லவேண்டும். 1841இல் ஜோன் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கக்கூடிய தகரக் குழாயைக் கண்டுபிடித்த பின்னரே அச்சங்கடம் தீர்ந்தது. கலை வரலாற்றிலே இத்தகைய சிறு தகரத்துண்டுகளுக்கும் இடமுண்டு.

பூதேன் கடற்கரைக்குப் பெரும்பாலும் கொண்டு சென்றது பாஸ்டல் எனப்படும் வண்ணக்கோலை. அதற்குக் குழைக்க வேண்டியதில்லை. உலரக் காத்திருக்க வேண்டியதுமில்லை. சிறு தாளிலே கடலுக்கு ஒரு விரற்கடை இடம் விட்டு, மீதி முழுவதையும் வானுக்கே கொடுப்பார். எழுதி முடித்ததும் ஓரத்தில் நாளையும் வேளையையும் காற்றின் திசையையும் குறித்து வைப்பார். மாலுமி மகனுக்குக் காற்றின்றி வானம் ஏது?

1859இல் கவிஞர் போதலேர் இத்தாள்களை நூற்றுக்கணக்கில் கண்டு வியந்து போனார். குறிப்பைக் கையால் மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்தே பருவத்தையும் வேளையையும் காற்றையும் ஊகித்துவிடலாம் என்ற கருத்துப்பட அவர் எழுதினார். ஆயினும் அத்தகைய இரசிகரும் அவற்றைக் குறிப்புகள் என்றே கொண்டார். ஓவியம் இனிமேல்தான் வரவேண்டும் என்பதே அவர் எண்ணம். பூதேனோ, இயற்கையின் எதிரே நின்று இட்ட சில தீற்றல்களிலுள்ள வலிமை ஓவியக்கூடத்தில் பல நாள் உழைத்தும் வருவதில்லை என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். அறிந்தும், சலோனுக்கு முடிந்த படங்களையே அனுப்பி வந்தார். வயிற்றுப்பாடும் உண்டு; சுபாவத்திலே அடக்கமும் உண்டு.

அவர் அறிந்ததைத் துணிந்து செய்தவர் வேறொருவர். லெ ஹாவ்ரிலே கேலிச் சித்திரம் வரைந்து விற்றுக்கொண்டிருந்த குளோட் மொனே என்ற இளைஞனுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. பூதேனின் கடற்காட்சிகள் அவனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. வெளியே வந்து தீட்டும்படி அவர் அழைத்தபோதெல்லாம் சாக்குச் சொன்னான். 1858ஆம் ஆண்டுக் கோடையிலே ஒருவாறு இணங்கிச் சென்று, அவர் பக்கத்தில் நின்று பார்த்தான். தாம் ஓவியரானது பூதேனாலேயே என்று மொனே முதுமையிலும் நன்றியோடு கூறிவந்தார்.

1863இல் பாரிஸிலிருந்து இரயில் பாதை துரூவீல் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அதனோடு செல்வர் கூட்டமும் வந்தது. அகன்ற பாவாடையணிந்த சீமாட்டிகள் மணலிலே நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் காட்சியைப் பூதேன் சிறு மரப்பலகைகளில் தீட்டினார். படங்கள் விலைபோயின. ஆனால் அவர் மனம் அமைதியுறவில்லை. மனைவியின் நாடாகிய பிரித்தானி மாகாணத்து உழவரைப் பார்த்துத் திரும்பியபின், இந்த வெட்டிக் கூட்டத்தைத் தீட்டுவது வெட்கமாக இருக்கின்றதென்று நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டில், அம்மனிதர்மீதும் அதே அந்தி வெயில்தானே படுகின்றது என்று தமக்கே சமாதானமும் தேடினார். படத்தைப் பார்த்தால் அவர்களுக்கு முகமே இராது. காற்றிலே துடிக்கும் உடைகளும் அவற்றின் மீது விழும் ஒளியுமே இருக்கும்.

1874இல் மொனேயும் தோழர்களும் சலோனைப் புறக்கணித்துத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். இம்பிரஷனிசம் என்ற பெயர் பிறந்தது அங்கேதான். முன்னைய ஓவியர் குறிப்பு என்று ஒதுக்கியதை இவர்கள் ஓவியம் என்றே சட்டமிட்டு மாட்டினார்கள். பூதேனும் அதில் கலந்துகொண்டார். அந்த ஒருமுறை மட்டுமே. பின்னர் மீண்டும் சலோனுக்கே சென்றார். இதைக் கோழைத்தனம் என்போர் உண்டு. ஐம்பது வயதில், கையிற் பொருளின்றி, மாணவனின் புரட்சியிலே சேர்வது எளிதன்று என்று நான் நினைக்கின்றேன்.

காலம் சென்று பரிசுகள் வந்தன. 1892இல் அரசின் விருதும் கிடைத்தது. நோயுற்றுத் தென்பிரான்சிலே தங்கியிருந்தவர், இறுதி நெருங்குவதை உணர்ந்து, தம் வடகடலின் கரையிலுள்ள தோவீலுக்குத் தம்மைக் கொண்டுபோகச் செய்தார். அங்கே 1898 ஆகஸ்ட் மாதத்தில் காலமானார்.

அவரது ஓவியக்கூடத்தில் எஞ்சியிருந்த இருநூறுக்கு மேற்பட்ட படங்களை 1900ஆம் ஆண்டளவில் அவர் தம்பி லூயி லெ ஹாவ்ர் அரும்பொருட் சாலைக்கு வழங்கினார். பெரும்பாலும் அவை வெளியே நின்று விரைந்து தீட்டியவை. 1944இல் குண்டுவீச்சில் பழைய கட்டடம் அழிந்தது. 1961இல் துறைமுக வாயிலை நோக்கியே புதிய கட்டடம் எழுந்தது. அங்கே சுவரிலே அவரது வானங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சேன் முகத்துவாரத்தின் மேகங்கள் நகர்ந்து செல்கின்றன.