கதவடைத்தது சபை, மீண்டும் அனுப்பினர் மக்கள்!

வாக்களித்து ஒருவரை மக்கள் அனுப்புகிறார்கள். உமக்கு இங்கே இடமில்லை என்று சபை விரட்டுகிறது. மக்கள் மறுபடியும் அவரையே அனுப்புகிறார்கள். சபை மறுபடியும் விரட்டுகிறது. சர்வாதிகாரி ஆண்ட நாட்டுக் கதையன்று இது. ஜனநாயகத்தின் காவலன் என்று தம்பட்டம் அடித்துக்கொள்ளும் அமெரிக்காவில் நடந்தது. விரட்டப்பட்டவர் விக்டர் பெர்கர்.

1860-இல் ஆஸ்திரிய நாட்டில் பிறந்து, 1878-இல் அமெரிக்கா சென்றவர். மில்வாக்கி நகரில் பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகை ஆசிரியரானவர். 1910 தேர்தலில் வென்று, அமெரிக்கக் காங்கிரசில் (கட்சியல்ல, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர் அது) நுழைந்த முதல் சோஷலிஸ்ட் அவரே.

சபையிலே தன்னந்தனியர். வாய்மூடிக் கிடந்தாரா? இல்லை! உழைத்து ஓய்ந்த முதியோருக்கு ஓய்வூதியம் கேட்டு 1911-லேயே மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டம் வர 1935 ஆயிற்று.

1912-இல் லாரன்ஸ் நகர நெசவாலைகளில் போராட்டம் மூண்டது. வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைத்தது மாநிலச் சட்டம். முதலாளிகள் என்ன செய்தார்கள்? நேரத்தோடு கூலியையும் வெட்டினார்கள்! ஆயிரமாயிரம் பேர் ஆலையைவிட்டு வெளியேறினர். பெர்கர் வற்புறுத்த, சபைக் குழுவின் விசாரணை நடந்தது. ஆலையில் வாடிய பிஞ்சுகள் வாஷிங்டனுக்கே வந்து வாக்குமூலம் தந்தனர். இயந்திரத்தில் கூந்தல் சிக்கித் தலைத்தோல் பிய்ந்து, மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்த சிறுமி ஒருத்தி பேசினாள். ஜனாதிபதி டாஃப்டின் மனைவியும் அமர்ந்து கேட்டார். அந்த மார்ச் மாதமே கூலி உயர்வுக்கு முதலாளிகள் இணங்கினர். ஒரே ஓர் உறுப்பினர், எத்தனை பெரிய வேலை!

குறையில்லாத மனிதரா? அல்லர். கறுப்பின மக்களைத் தாழ்ந்தவர் என்று 1902-இல் எழுதிய கை அவருடையது. தொழிலாளர் ஒற்றுமை பேசியவருக்கு அது அழியாத கறை. புகழ் பாடும்போது அதை ஒளிப்பது நேர்மையாகாது.

1917-இல் அமெரிக்கா உலகப் போரில் குதித்தது. இது முதலாளிகளின் போர் என்று எதிர்த்தார் பெர்கர். அவரது 'மில்வாக்கி லீடர்' ஏட்டுக்கு இருந்த சலுகை அஞ்சல் கட்டணம் பறிக்கப்பட்டது. தலையங்கங்களுக்காக வழக்கும் வந்தது. வழக்குத் தலைமேல் தொங்கியபோதே 1918 தேர்தலில் மக்கள் அவரை வெல்லவைத்தனர். நீதிபதி லாண்டிஸ் ஜெர்மானிய வம்சத்தார்மீது வெறுப்புக் கொண்டவர், விலக வேண்டும் என்று மனுச் செய்தும் அவர் விலகவில்லை. 1919 பிப்ரவரியில் விதித்தார் 20 ஆண்டுச் சிறை!

மேல்முறையீடு நடக்கும்போதே, 1919 நவம்பரில் சபை அவரைத் தள்ளியது. அவருக்காக வாக்களித்தவர் ஒரே ஒருவர், அதே விஸ்கான்சின் மாநிலத்து எட்வர்டு வாய்ட். டிசம்பரில் இடைத்தேர்தல். ரிபப்ளிகன் கட்சியும் டெமாக்ரடிக் கட்சியும், நாளெல்லாம் சண்டையிடும் அந்த இரண்டும், கைகோத்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. வென்றவர் யார்? பெர்கரே, முன்னைவிட அதிக வாக்குகளில்! 1920 ஜனவரியில் சபை மீண்டும் கதவடைத்தது. 1921 வரை அந்த நாற்காலி வெறுமையாகவே கிடந்தது.

1921 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. 1922, 1924, 1926 மூன்று தேர்தல்களிலும் பெர்கர் வென்றார். இம்முறை எவரும் தடுக்கவில்லை.

1928-இல் தோற்றார். மறு ஆண்டு ஜூலையில் மில்வாக்கித் தெருவில் டிராம் வண்டி மோதி, ஆகஸ்டு 7-இல் உயிர் நீத்தார். நகர மன்றத்தில் கிடத்தப்பட்ட அவர் உடலைச் சுமார் 75,000 பேர் வரிசையில் நின்று பார்த்துச் சென்றனர்.