வெறுப்பூட்டும் கதைசொல்லியும் ஓர் அடைமொழியும்

ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ (1951) புதினத்தைப் பயிலும் மாணவருட் சிலர் அதன் பதினேழு வயதுக் கதைசொல்லி ஹோல்டனை மதிப்பறியாதவன் என வெறுப்பதுண்டு. இவ்வெறுப்பை வாசிப்புக் குறையெனத் தள்ளுதல் பொருந்தாது. அதற்கு மொழிசார்ந்த காரணம் உண்டு. இப்புதினத்தின் மொழியை டொனால்டு காஸ்டெல்லோ 1959இலேயே ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் ஆராய்ந்துள்ளார்.

‘ஓல்டு’ என்னும் அடைமொழியைச் சான்றாகக் கொள்ளலாம். முதிய ஆசிரியர் ஸ்பென்சரை நேரில் ‘சார்’ என விளிக்கும் ஹோல்டன், கதையுரைக்கையில் அவர் பெயருக்கு முன் ‘ஓல்டு’ என்பதைச் சேர்க்கிறான். மாணவர் இதனை இகழ்ச்சியாகக் கொள்கின்றனர். ஆயின், அவன் பெரிதும் நேசிக்கும் பத்து வயதுத் தங்கை ஃபீபிக்கும் அதே அடையே வருகிறது. எனவே அது முதுமையைக் குறிப்பதன்று. கேலியும் நெருக்கமும் கலந்த வழக்காகும்.

தமிழில் ஆசிரியருக்குக் ‘கிழட்டு’ என்றும் தங்கைக்குச் ‘செல்ல’ என்றும் பெயர்த்தால் இவ்விணைப்பு அறுபடும். மேலும், ஆங்கில வினையில் இல்லாத மதிப்பு வேறுபாட்டைத் தமிழ் வினைமுற்று வெளிப்படையாக்கிவிடுகிறது: ‘சொன்னான்’ என்பதில் இகழ்ச்சி மிகும், ‘சொன்னார்’ என்பதில் கேலி மறையும். பேச்சுத்தமிழின் ‘நம்ம’ கேலிக்கும் பரிவுக்கும் பொதுவானது. ‘நம்ம ஸ்பென்சர் சொன்னார்’, ‘நம்ம ஃபீபி சொன்னா’ என்பன அவ்விரண்டையும் காக்கும்.

ஹோல்டனை நல்லவனாக்குதல் மொழிபெயர்ப்பாளர் பணியன்று. அவனை வெறுத்த மாணவர் மறுவாசிப்பில் அப்பரிவைக் காணும் வழியை அடைக்காதிருத்தலே அவர் கடன்.