எம்டன் கப்பலின் நினைவுப்பொருட்களும் அதிகாரிகள் பற்றிய ஆய்வும்

எம்டன் நினைவுப்பொருட்கள் என்பவை, முதல் உலகப் போரின்போது சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனோடு தொடர்புடைய குண்டுச் சிதறல்கள், பதக்கங்கள், நாணயங்கள், கப்பல் பாகங்கள் முதலியவை ஆகும். இவை அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ளன. ஒரு பொருளைச் சேகரிப்பதோடு அது யாருடையது, அவர் என்ன செய்தார் என்பதை ஆவணங்களின் துணையோடு கண்டறிவதும் இத்துறையின் பகுதியாகும்.

பின்னணி

எம்டன் 1908இல் டான்சிக் நகரில் வெள்ளோட்டம் விடப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல். 10.5 செ.மீ. விட்டமுள்ள பத்துப் பீரங்கிகள் அதில் இருந்தன. 1910இல் ஜெர்மனியிலிருந்து கிழக்காசியாவுக்குப் புறப்பட்ட அக்கப்பல் பின்னர் ஒருபோதும் தாய்நாடு திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன, உயிரிழப்பும் ஏற்பட்டது. அன்று நகரைப் பிடித்த பீதி இன்றும் நம் பேச்சில் இருக்கிறது. அசகாய சூரனை, எதற்கும் துணிந்தவனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம்.

1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி, எம்டனைத் தாக்கிச் செயலிழக்கச் செய்தது. அதன் மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

எஞ்சியுள்ள பொருட்கள்

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் எம்டன் வீசிய குண்டின் எச்சத்தைக் காணலாம். கப்பலின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது.

கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களுள் சுமார் ஆயிரத்தை ஆஸ்திரேலியர்கள் பதக்கங்களாக்கினர். நாணயத்தின் மேல் ஒரு கிரீடமும் இரு கப்பல்களின் பெயரும் பொறித்த பட்டையும் பொருத்தப்பட்டன. சேகரிப்பாளர்கள் இன்றும் தேடும் பொருள் இது.

பொருளைச் சரிபார்த்தல்

ஜெர்மன் பதக்கங்களில் புகழ்பெற்றது இரும்புச் சிலுவை. 1914ஆம் ஆண்டு வகையில் நடுவே கருமையூட்டிய இரும்புத் தகடும் சுற்றிலும் வெள்ளிச் சட்டமும் இருக்கும். ஆகவே பொதுவாக நடுப்பகுதியில் காந்தம் ஒட்டும், சட்டத்தில் ஒட்டாது.

பதக்க நாடாவைச் சோதிக்கும் முறை திருப்பூர் பகுதி வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். பனியன் துணிக்குப் பளிச்சென்ற வெண்மை தரச் சேர்க்கும் ஒளிர் வெண்மையூட்டிகள் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். இவை 1940களுக்குப் பிறகே பரவலாயின. எனவே முதல் உலகப் போர்க் கால நாடா என்று சொல்லப்படுவது அவ்வாறு ஒளிர்ந்தால் ஐயப்பட வேண்டும். எனினும் பழைய நாடாவைப் பிற்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரக்கூடும். ஒளிராத நாடா எல்லாம் பழையது என்றும் சொல்ல முடியாது. ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்தல் கூடாது.

அதிகாரிகளை ஆராய்தல்

முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெற்றவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியப் படைவீரர் பெற்ற பதக்கங்களும் அப்படியே. இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட இரும்புச் சிலுவையில் பொதுவாகப் பெயர் இராது. எனவே 'இது எம்டன் அதிகாரியுடையது' என்று விற்பவர் சொன்னால், விருதுச் சான்றிதழ், கடிதம், குடும்ப ஆவணம் போன்ற துணைச்சான்று தேவை.

பிரஷ்யத் தரைப்படையின் ஆவணக்காப்பகம் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்தது. கடற்படை ஆவணங்கள் தப்பி, இப்போது ஃப்ரைபர்க் நகர இராணுவ ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆகவே கடற்படை அதிகாரிகளின் வரலாற்றை அறிவது ஒப்பளவில் எளிது. அவ்வாறு நமக்குத் தெரியவருபவர்கள் பலர். முல்லர் போர்க்கைதியாக மால்டாவிலும் பின்னர் இங்கிலாந்திலும் இருந்து, 1923இல் காலமானார். துணை அதிகாரி ஹெல்முட் ஃபான் மியூக்கே சுமார் 50 பேருடன் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் போர் எதிர்ப்பாளரானார்.

செண்பகராமன் பிள்ளையும் எம்டனும்

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் அதிகாரியாக வந்தார் என்ற செய்தி தமிழ் நூல்களிலும் மேடைகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆவணங்கள் இதற்கு இடம் தரவில்லை. எம்டன் அதிகாரிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1914இல் அவர் சூரிக் நகரில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை நடத்தி, போர் தொடங்கிய பின் பெர்லின் சென்றார். கப்பலோ 1910 முதல் ஆசியக் கடல்களில் இருந்தது. ஐரோப்பாவில் பணியாற்றிய ஒருவர் அதே காலத்தில் வங்கக் கடலில் இருந்திருக்க இயலாது. பெர்லின் இந்தியக் குழுவில் அவர் ஆற்றிய பணியே அவருக்குப் பெருமை சேர்க்கப் போதுமானது. நாம் விரும்பும் கதையானாலும் சான்றோடு ஒப்பிட்ட பிறகே மாணவர்கள் எழுத வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றுப் பொருட்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெடிக்காத பழைய குண்டு எங்கேனும் தென்பட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்தும் அதன் வெடிமருந்து ஆபத்தானதாக இருக்கலாம்.