பரிட்டோ சாண்ட்விச்சா? கோர்ட்டு ஏறிய ரொட்டி வழக்கு!

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இறைச்சியோ வெள்ளரிக்காயோ வைத்தால் அது சாண்ட்விச். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால், ஒரே ரொட்டியை மடித்து உள்ளே வைத்தால்? சப்பாத்தி போன்ற ஒன்றில் வைத்துச் சுருட்டினால்? ரொட்டியின் மேலே வைத்து, மூடாமல் விட்டால்?

"எப்படி இருந்தால் என்ன? வயிறு நிறைந்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்காக வக்கீல்கள் வாதாடியிருக்கிறார்கள். நீதிபதி அகராதியைப் புரட்டியிருக்கிறார். வரியும், வாடகையும், ஒருவருடைய பிழைப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

பிரபுவின் பெயர்

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஓர் ஊர். அவ்வூரின் பெயரால் பட்டம் பெற்ற பிரபுக்களில் நான்காமவர் ஜான் மாண்டேகு (1718-1792). சூதாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். அலுவல் மிகுதியால் எழுத்து மேஜையில்தான் அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்று அவருக்காகப் பரிந்து பேசுவோரும் உண்டு. எப்படியோ, 1762-ல் சரித்திர ஆசிரியர் எட்வர்ட் கிப்பன் தம் நாட்குறிப்பில் இந்தப் பெயரை எழுதிவிட்டார். பிரபுவின் பெயர் பலகாரத்துக்கு நிலைத்துவிட்டது.

வாடகைச் சண்டை

மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் ஷ்ரூஸ்பரி என்று ஓர் ஊர். அங்குள்ள கடைத் தொகுதி ஒன்றில் 'பனேரா' ரொட்டிக் கடை இருந்தது. சாண்ட்விச் வியாபாரம் பெருமளவில் நடத்தும் வேறு கடைக்கு அங்கே இடம் தரக்கூடாது என்பது அதன் குத்தகை நிபந்தனை. மொத்த விற்பனையில் 10 சதவிகிதம்தான் வரம்பு.

பின்னர் 'குடோபா' என்னும் மெக்ஸிகோ பாணி உணவுக் கடைக்குச் சொந்தக்காரர் இடம் கொடுத்தார். அதன் சரக்கு பரிட்டோ. மாவு ரொட்டியில் சோறு, பயறு, இறைச்சி எல்லாம் வைத்துச் சுருட்டித் தருவது. "இதுவும் சாண்ட்விச்தான், கடையைத் திறக்க விடாதீர்கள்!" என்று பனேரா தரப்பினர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2006-ல் நீதிபதி ஜெஃப்ரி லாக் தீர்ப்பளித்தார். குத்தகைப் பத்திரத்தில் சாண்ட்விச் என்றால் என்ன என்று விளக்கம் எழுதியிருக்கவில்லை. ஆகவே அகராதியை எடுத்தார். சமையல் நிபுணரின் பிரமாணத்தையும் பார்த்தார். சாண்ட்விச்சுக்கு ரொட்டித் துண்டு இரண்டு வேண்டும், பரிட்டோவுக்கு ஒன்றுதான். ஆகவே பரிட்டோ சாண்ட்விச் அல்ல என்று கூறித் தடை உத்தரவு தர மறுத்துவிட்டார்.

இன்னொரு தீர்ப்பு

விஷயம் அதோடு முடியவில்லை. இண்டியானா ராஜ்யத்தில் ஃபோர்ட் வேய்ன் என்ற நகரில் ஒரு கட்டடத்தில் சாண்ட்விச் கடை மட்டுமே நடத்தலாம் என்று கட்டுப்பாடு. அங்கே டாகோ, பரிட்டோ விற்கலாமா என்று வழக்கு வந்தது. டாகோவும் பரிட்டோவும் மெக்ஸிகோ பாணி சாண்ட்விச்களே என்று 2024-ல் நீதிபதி கிரெய்க் போபே தீர்ப்பளித்தார். கிரேக்க நாட்டு கைரோ, வியட்நாமின் பான் மீ, நம் நாட்டு நானில் சுருட்டிய உணவு ஆகியவற்றுக்கும் அங்கே இடம் உண்டு என்றார். கடைக்காரருக்கு வழி பிறந்தது.

வரியும் பரிசோதனையும்

நியூயார்க் ராஜ்யத்தின் வரி இலாகாவுக்குச் சந்தேகமே கிடையாது. பரிட்டோ, பன்னில் வைத்த ஹாட் டாக், வெண்ணெய் தடவிய பேகல் எல்லாமே அதன் பட்டியலில் சாண்ட்விச்கள்தாம். வை விற்பனை வரி!

மத்திய சர்க்காரின் கணக்கோ வேறு. இறைச்சியின் மேலும் கீழும் ரொட்டி இருந்தால், அதைப் பரிசோதிப்பது உணவு, மருந்து நிர்வாகத்தின் வேலை. மேல் ரொட்டியை எடுத்துவிட்டால் விவசாய இலாகாவின் பொறுப்பாகிவிடும். முன்னது எப்போதாவது எட்டிப் பார்க்கும்; பின்னதன் பரிசோதகர் அன்றாடம் வருவார். உண்பவரின் உடல்நலம் ஒரு ரொட்டித் துண்டைப் பொறுத்திருக்கிறது!

அயர்லாந்தில் இதைவிட வேடிக்கை. 'சப்வே' கடையின் சாண்ட்விச் ரொட்டி, வரிச் சட்டப்படி ரொட்டியே அல்ல என்று 2020-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவின் எடையில் 2 சதவிகிதத்துக்கு மேல் சர்க்கரை கூடாது. அதில் இருந்ததோ 10 சதவிகிதம். அத்தியாவசிய உணவுக்கு உரிய வரி விலக்கு கிடைக்கவில்லை.

எது சரி?

நீதிபதிகள் முரண்படுவதாகத் தோன்றலாம். ஆனால் ஓரிடத்தில் போட்டிக் கடையைத் தடுக்க அந்தச் சொல் பயன்பட்டது. இன்னோரிடத்தில் ஒருவரைக் கடை வைக்கவிடாமல் செய்ய. இரண்டு வழக்கிலும் கடை திறக்க வந்தவருக்கே வெற்றி கிடைத்தது. சந்தேகமான ஒரு சொல்லைக் காட்டி ஒருவருடைய பிழைப்பைத் தடுக்கலாகாது என்பது நியாயந்தானே?

வியாபாரிகளுக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. ஒப்பந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று விளக்கம் எழுதாமல் விடாதீர்கள். எழுத ஒரு வரி போதும். எழுதாவிட்டால் வக்கீலுக்குக் கட்டணம் எண்ணி வைக்க வேண்டியிருக்கும்!