லயத்துக்கு வராத சிக்னலுக்கு யார் பொறுப்பு?

இலங்கையின் மிக உயரமான மலை நுவரெலியாவில் இருக்கிறது. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையின் உச்சியில் 1982 முதல் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அதே மாவட்டத்தில் பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்து மலையிடுக்குத் தோட்ட டிவிஷன்களில், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்க அப்பா போனோடு மேட்டுக்கு ஏறவேண்டியிருக்கிறது. "மலைதானே, அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். டேட்டாவுக்கு முழுக் காசு வாங்குகிற கம்பனிக்கு இதைவிட வசதியான பேச்சு கிடையாது.

மலை மறைக்கிறது என்பது உண்மைதான். டவருக்கும் போனுக்கும் நடுவில் ஒரு முகடு நின்றால் அலை பலவீனப்படும். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் ஓரளவு வளைந்து இறங்கிவிடும். 1800, 2100 அலைவரிசைகள் அவ்வளவு தூரம் வராது. அதனால்தான் பேச்சுக்குக் கிடைக்கிற சிக்னல் சில இடங்களில் இணையத்துக்குக் கிடைப்பதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரை மிச்சத்தையும் தடுத்துவிடும். வேலை முடிந்து எல்லோரும் போனை எடுக்கும் அந்தி நேரத்தில் ஒரே டவரில் நெரிசல் வேறு. கேம்பர் வேனில் சுற்ற வருகிறவர் வண்டியை அடுத்த வளைவுக்கு நகர்த்திக்கொள்வார். லயத்தை நகர்த்த முடியாதே!

டவர் ஏன் வருவதில்லை என்பதற்கு மலை மட்டும் பதிலாகாது. 1992க்குப் பிறகு தோட்டங்களை நிர்வகிப்பவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். காணி அரசிடமிருந்து அவை குத்தகைக்குப் பெற்றது. பரம்பரை பரம்பரையாக அங்கே வாழ்கிறவருக்கு அந்த மண்ணில் ஒரு துண்டைக்கூட டவருக்குக் கொடுக்கும் உரிமை இல்லை. பிரதேச சபையிடம் போகலாம் என்றால், 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யவே அந்தச் சபைகளுக்குத் தடை இருந்தது. இன்று அந்தச் சாக்கு இல்லை. உங்கள் வட்டார உறுப்பினரிடம் டவர் விஷயத்தைச் சபையில் பேசச் சொல்லுங்கள். அனுமதி கொடுப்பதில் சபைக்கும் பங்கு உண்டு.

சிம் வாங்குவதற்கு முன், பக்கத்து வீட்டாரின் வெவ்வேறு சிம்களை உங்கள் போனில் போட்டு, வீட்டுக்குள்ளேயே, அந்தி நேரத்தில் சோதித்துப் பாருங்கள். நகரத்துக் கடையில் காட்டும் வேகத்தை நம்பி ரவுட்டர் வாங்கினால் காசு வீண். வாங்கியே ஆகவேண்டுமானால் வெளி அன்டெனா பொருத்தும் துளை உள்ளதாக வாங்குங்கள். தகரத்துக்கு வெளியே, டவர் இருக்கும் திசை பார்த்து வைத்தால் வித்தியாசம் தெரியும். 'சிக்னல் பூஸ்டர்' என்று இணையத்தில் விற்கும் கருவிகளைத் தொடாதீர்கள். ரேடியோக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத பூஸ்டர் சுற்றுவட்டார இணைப்பையும் குழப்பிவிடும். புதுப் போன் வாங்கும்போது IMEI என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்தப் போனின் ஐஎம்இஐ இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். பதிவில்லாத போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை வந்தது. வானம் தெரிந்தால் போதும், டவர் தேவையில்லை. ஹோட்டல்காரருக்கும் சுற்றுலா வேனுக்கும் அது சரி. வந்தபோதே மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்த நிலையில், 2024இல் தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்ததையே பெரிய வெற்றியாகச் சொன்ன குடும்பத்துக்கு அது எட்டாது. ஆலயக் குழுவோ வாசிகசாலையோ சேர்ந்து ஒன்று எடுத்தால் யோசிக்கலாம்.

அபாயங்களில் நம்மவர் அதிகம் கவனிக்காதது அடையாள அட்டை. சந்தியில் குடை விரித்து இலவச சிம் கொடுப்பவரிடமும், தெரிந்தவர் கேட்டார் என்று மற்றவருக்காகவும் அட்டையைக் கொடுத்துவிடுகிறோம். அந்த சிம்மில் மோசடி நடந்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். அட்டையின் பிரதி கொடுக்க நேர்ந்தால் எதற்காக என்பதை அதன்மேல் குறுக்காக எழுதிக் கொடுங்கள். இன்னொன்று மின்னல். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிப் படித்தார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இடிக்கும்போது வெட்டவெளி மேட்டில் போனோடு நிற்பது உயிருக்கு ஆபத்து. எந்தப் பாடமும் அவ்வளவு அவசரமில்லை.

இனி முறைப்பாடு. 'கவரேஜ் இல்லை' என்று கஸ்டமர் கெயாருக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், திகதி, நேரம், வேகச் சோதனையின் ஸ்க்ரீன்ஷொட் எல்லாம் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்காத சேவைக்கு ரீலோட் காசு வெட்டுப்பட்டாலும் இதேதான். தீர்வு வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் பேசலாம். 276, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8 என்ற முகவரிக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைக் கண்காணிப்பது அவர்களின் கடமை. தமிழிலேயே எழுதுங்கள், அரச நிறுவனத்திடமிருந்து தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தரும் உரிமை.

உங்கள் பகுதிக்கு டவர் திட்டம் இருக்கிறதா, எப்போது என்பதை அதே ஆணைக்குழுவிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் வீதிகள் மண்ணில் புதைந்தன, மின்சாரம் போனது, போன்களும் செத்தன. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். மண்சரிவு எச்சரிக்கை போனில் வரும் காலத்தில் சிக்னல் ஆடம்பரமில்லை. ஆகவே ஆணைக்குழுவுக்கு எழுதும் கடிதத்தில் டவருக்கு பேட்டரி, ஜெனரேட்டர் வசதியையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாளாக அனுப்பாமல் லயத்தில் உள்ள எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.